பழைய அம்பாசடரில் பழைய தலைநகருக்கு

பழைய காரில் கோட்டைகளையும் அருங்காட்சியகங்களையும் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களை முதலில் வரிசைப்படுத்திக்கொண்டு, அந்த வரிசைக்கு வண்டியை இழுக்கப் பார்க்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய வண்டி அப்படி இழுபடாது. எந்த நேரத்தில் அது சூடேறும், எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தால் ஆறும், இருட்டுவதற்குள் எங்கே வந்து சேர வேண்டும் என்பவற்றை முதலில் முடிவு செய்து, அந்தக் கணக்குக்குள் இடங்களைப் பொருத்தினால் பயணமும் சிரமமின்றி அமைகிறது, இடங்களையும் நிதானமாகப் பார்க்க முடிகிறது. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கும், மறுநாள் செட்டிநாட்டு ஊர்களுக்கும் எங்கள் குடும்பத்து அம்பாசடரில் போய்வந்த அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன்.

வண்டி என் அம்மானுடையது. மார்க் 2 வகை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957இல் தயாரிக்கத் தொடங்கிய அம்பாசடர், 2014இல் நிறுத்தப்படும் வரை தன் உருவத்தைப் பெரிதாக மாற்றிக்கொள்ளவே இல்லை. அதில் மார்க் 2 என்பது 1962 முதல் 1975 வரை வந்தது. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், ஸ்டியரிங் தண்டோடு ஒட்டிய கியர், முன்னால் மூவர் நெருங்கி உட்காரக்கூடிய ஒரே நீள இருக்கை, நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், பேட்டரியை ஏற்றுவதற்கு டைனமோ என்பவை அதன் அமைப்பு. இவற்றில் பயணத்தின் போக்கைத் தீர்மானிப்பவை கடைசி இரண்டும்தான். டிரம் பிரேக் அடுத்தடுத்து மிதிக்கப்பட்டால் சூடேறிப் பிடிமானம் குறையும். ஆகவே இன்றைய காரில் விடுவதைப் போல இருமடங்கு இடைவெளி விட்டே முன்னால் போகும் வண்டியைத் தொடர வேண்டும். அந்த இடைவெளிக்குள் ஒரு தனியார் பேருந்து புகுந்தால், கோபப்படாமல் மறுபடியும் இடைவெளி விட வேண்டும். டைனமோவோ எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது போதிய மின்சாரம் தராது. முகப்பு விளக்கை எரியவிட்டு நெரிசலில் ஊர்ந்தால் பேட்டரி இறங்கத் தொடங்கிவிடும். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவது என்ற விதியை நாங்கள் வைத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

காகிதங்களைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது, ஏனெனில் பலர் இதில் குழம்புகிறார்கள். 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, அடிப்படை அமைப்பு மாற்றப்படாத சொந்த வாகனத்தை ‘விண்டேஜ்’ வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகள் செல்லும். எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். வழக்கமான ஓட்டத்துக்கும் வாடகைக்கும் எடுக்கக்கூடாது. உறவினர்களை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்ற நினைப்பவருக்கு இந்தப் பதிவு பெருமையைத் தருமே ஒழிய வசதியைத் தராது. எங்கள் வண்டி சாதாரணப் பதிவிலேயே இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் காட்டிப் புதுப்பித்து, பசுமை வரி கட்டி, காப்பீட்டையும் புகைச் சான்றையும் கையோடு வைத்துக்கொண்டால் போதும்.

பெட்ரோல் இன்னொரு கவலை. அந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டது. நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றது. இப்போது பம்புகளில் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை இளக்கும், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். எனவே புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே பெட்ரோல் குழாய்களையும், பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர்த் தகட்டையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றினோம்; பயணம் முடிந்தபின் டாங்கில் பழைய பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்கவிடுவதையும் நிறுத்திவிட்டோம். டிக்கியில் எடுத்துச் சென்றவை: ஒரு ஃபேன் பெல்ட், பிளக்கு ஒரு ஜதை, பிளக்குக்கு மின்பொறி கிடைக்கச் செய்யும் சி.பி. பாயிண்டும் கண்டன்சரும், பிரேக் ஆயில், இரண்டு கேன் தண்ணீர், காற்றடித்துச் சரிபார்த்த ஸ்டெப்னி, பழைய பருத்தித் துணிகள். துணிகள் எதற்கு என்பது பின்னால் வரும்.

செட்டிநாட்டுக்காரர்கள் பழைய காரில் எங்கே போவது என்று கேட்டால், நான் முதலில் புதுக்கோட்டையைத்தான் சொல்வேன். இந்திய ஒன்றியத்தோடு 1948இல் இணையும் வரை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானத் தலைநகராக இருந்த ஊர் அது. காரைக்குடியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்களில் ஒரு பகுதி அந்தச் சமஸ்தானத்தின் எல்லைக்குள்தான் இருந்தது. குகைக்கோயில், கோட்டை, அரண்மனை, அருங்காட்சியகம் ஆகிய எல்லாமே ஒரு பகலுக்குள் அடங்கும் தொலைவில் இருப்பதால், மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான சுற்று எனக்குத் தெரியவில்லை. நாளைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும்: அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. காலமோ மார்கழி, தை, மாசி. கத்திரி வெயிலில் வண்டியையும் வயதானவர்களையும் ஒரே நேரத்தில் காப்பாற்றுவது இயலாத காரியம்.

அம்மானிடம் நெடுங்காலம் ஓட்டுநராக இருந்தவரே எங்களோடு வந்தார். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் அழைப்போம். வண்டியின் ஒவ்வொரு சத்தத்துக்கும் காரணம் சொல்லக்கூடியவர். காலை ஆறரை மணிக்குக் காரைக்குடியை விட்டுப் புறப்பட்டோம். திருமயத்தை நெருங்கும்போது, “தம்பி, ஊசி கொஞ்சம் மேல ஏறுது. இங்கன நிப்பாட்டி ஒரு டீயக் குடிச்சிட்டுப் போவோம்” என்றார். வெப்பமானியின் முள் அபாய அளவில் இல்லை. ஆனால் நிறுத்தத்தை வண்டி கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவது அவருடைய வழக்கம். அந்த நிறுத்தத்தைச் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலுக்குப் பயன்படுத்திக்கொண்டோம். குன்றைக் குடைந்து அமைத்த அந்தக் கருவறையில் பள்ளிகொண்ட பெருமாளைக் காலை வேளையில் கூட்டமின்றிப் பார்க்கலாம். அதே குன்றில் சிவனுக்கும் ஒரு குடைவரை இருக்கிறது. கோட்டையை மாலைக்கு ஒதுக்கிவைத்தோம். காலையிலேயே பாறையில் ஏறி இறங்கிக் களைத்துவிட்டால், அடுத்த இடத்தில் குகை ஏற யாருக்கும் மனம் வராது.

புதுக்கோட்டையைத் தாண்டிப் பதினைந்து கிலோமீட்டர் அளவில் இருக்கும் சித்தன்னவாசலுக்கு நேராகச் சென்றுவிட வேண்டும் என்பது எங்கள் திட்டம். வெயில் ஏறுமுன் பார்க்க வேண்டிய இடம் அது. ஏழடிப்பட்டம் எனப்படும் இயற்கைக் குகைத்தளம் குன்றின் மறுபக்கச் சரிவில் இருக்கிறது. பாறை சூடானபின் அங்கே போவது வதை. சமணத் துறவிகளுக்காக வெட்டிய பதினேழு கற்படுக்கைகள் அங்கே உள்ளன. தலைப்பக்கம் தலையணைபோல் மேடு விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். பெரிய படுக்கையின் ஓரத்தில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தது. அவ்வளவு பழமையான எழுத்துக்கு முன்னால் நிற்கும்போது, கீழே நிறுத்திவிட்டு வந்த வண்டியைப் ‘பழைய கார்’ என்று சொல்லச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

சமணக் குடைவரையான அறிவர் கோயில் இன்னொரு சரிவில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இக்கோயிலைப் புதுப்பித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. விதானத்து ஓவியத்தில் தாமரைக் குளம்: இலையும் மொட்டும் மலரும் நெருங்கிய நீரில் மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள், நடுவே பூக்கொய்யும் மனிதர்கள். தூண்களில் ஆடும் பெண்களும், முடியணிந்த அரசனும் அரசியும். வண்ணம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டதால், உள்ளே நுழைந்தவுடன் ஒன்றும் தெரியாது. வெளிவெயிலில் கூசிய கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது வேண்டும். அதற்குள் “அவ்வளவுதானா” என்று திரும்பிவிடுகிறவர்களை நாங்கள் அங்கே நிறையப் பார்த்தோம். முதலில் பூக்கொய்யும் ஒருவரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து தண்டையும் இலையையும் தொடர்ந்து போனால் குளம் முழுவதும் மெல்லத் திறக்கும் என்பது நான் கண்ட வழி. கருவறையின் நடுவில் நின்று மூச்சை மெதுவாக முனகலாக விட்டால் அறை முழுவதும் ரீங்கரிக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடித்தது அதுதான்.

வண்டியை நிறுத்தியிருந்த இடத்தில் இன்னொரு கூட்டம் கூடியிருந்தது. பழைய காரை எங்கே நிறுத்தினாலும் அதுவே ஒரு காட்சிப்பொருள் ஆகிவிடுகிறது. படம் எடுத்துக்கொள்ள யாரையும் தடுக்க வேண்டியதில்லை, ஆனால் பானெட்டின் மேல் உட்காருவதையும், கதவைத் திறந்து கியரை அசைத்துப் பார்ப்பதையும் அன்போடு மறுத்துவிட வேண்டும். அண்ணன் குகைக்கு வராமல் வண்டியோடேயே இருந்தார். இந்தப் பொறுப்புக்கு ஒருவரை வண்டியருகே விட்டுச் செல்ல முடிந்தால் நல்லது. அவர் ஏற்கெனவே இடத்தைப் பார்த்தவராக இருந்தால் யாருக்கும் மனக்குறை இல்லை.

பதினொரு மணியளவில் திருக்கோகர்ணம் வந்தோம். தொண்டைமான்கள் தங்களைப் ‘பிரகதாம்பாள் தாசர்’ என்றே அழைத்துக்கொண்டார்கள். அந்தப் பிரகதாம்பாள் குடிகொண்ட கோகர்ணேசுவரர் கோயில் இங்கே இருக்கிறது, அருங்காட்சியகமும் இதே பகுதியில்தான். நண்பகலில் கோயில் நடை சாத்திவிடும் என்பதால் முதலில் கோயில், அடுத்து அருங்காட்சியகம் என்று வைத்துக்கொண்டால், வண்டியை ஒருமுறை நிழலில் விட்டுவிட்டு நண்பகலின் கொடிய நேரம் முழுவதையும் கூரைக்கடியில் கழிக்கலாம். பழைய காரில் செல்பவர்கள் அருங்காட்சியகத்தை எப்போதும் நடுப்பகலுக்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன்.

1910இல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில் நாங்கள் நெடுநேரம் இருந்தோம். முதுமக்கள் தாழிகள், செப்புத் திருமேனிகள், கற்சிற்பங்கள், பாடம் செய்த விலங்குகள், பாறை வகைகள் என்று எல்லாமே அடுத்தடுத்து இருக்கும் பழைய பாணி அருங்காட்சியகம் அது. எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க முயன்றால் எதுவும் மனத்தில் நிற்காது. நாங்கள் இரண்டை மட்டும் ஊன்றிப் பார்த்தோம். ஒன்று, சித்தன்னவாசல் ஓவியங்களின் பிரதிகள்: காலையில் அரைகுறையாகத் தெரிந்த கோடுகள் இங்கே தெளிவாக இருக்கின்றன, மூலத்தை முதலில் பார்த்துவிட்டு இங்கே வருவதுதான் சரியான வரிசை, மாற்றிப் பார்த்தால் மூலம் ஏமாற்றமாகத் தோன்றக்கூடும். மற்றொன்று, அம்மன் காசு. ஒருபக்கம் பிரகதாம்பாளின் உருவமும் மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்தும் பொறித்த சிறு செப்புக்காசு. நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் வைத்து மக்களுக்குத் தானமாகக் கொடுப்பது சமஸ்தானத்து வழக்கம். எங்களோடு வந்த பெரியவர்களில் ஒருவர், தம் அப்பத்தா முந்தியில் முடிந்து வைத்திருந்த காசைப் பற்றிப் பேசத் தொடங்கி, காட்சிப்பெட்டியின் முன்னாலேயே ஒரு சிறு சொற்பொழிவை நிகழ்த்திவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ராஜவீதிகளில் ஒரு சுற்று. திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செப்பனிட்ட நகரம் இது. தெருக்கள் ஒன்றையொன்று நேர்கோணத்தில் வெட்டுவதால் வழி தவறுவது கடினம். மன்னரின் புது அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். வேலை நாளில் அங்கே மனுவோடு வருபவர்களுக்குத்தான் இடம் வேண்டும் என்பதால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்தோம். கடைவீதி நெரிசலில் வண்டியை ஓட்டுவது எங்களுக்கும் சுகமில்லை, வண்டிக்கும் சுகமில்லை.

அந்த நெரிசலின் விளைவு நமணசமுத்திரத்துக்கு அருகில் தெரிந்தது. எஞ்சின் இரண்டு முறை திணறி நின்றுவிட்டது. பெட்ரோல் இருந்தது, பேட்டரியும் நன்றாக இருந்தது. பழைய அம்பாசடரில் பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டியே இருக்கிறது. வெயிலில் நின்று, பிறகு நெரிசலில் ஊர்ந்து, எஞ்சினின் சூடு பம்புக்கும் குழாய்க்கும் ஏறியதும் உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. ஆவியைப் பம்பால் இழுத்துத் தள்ள முடியாது. இதை ‘வேப்பர் லாக்’ என்பார்கள். இந்த நிலையில் திரும்பத் திரும்பச் செல்ஃப் அடிப்பவர்கள் பேட்டரியையும் தீர்த்துவிட்டு நடுவழியில் நிற்பார்கள். அண்ணன் பானெட்டைத் திறந்து, பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து பம்பின் மேலும் குழாயின் மேலும் சுற்றிவிட்டு, புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். “வண்டிக்கு வேர்த்திருக்கு தம்பி, கொஞ்ச நேரம் விடுங்க, தானா வரும்” என்றார். இருபது நிமிடத்தில் துணியை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தண்ணீரை நேரடியாகச் சூடான எஞ்சினின் மேல் ஊற்றுவதும், ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறப்பதும் ஆபத்து. ஈரத் துணியும் பொறுமையும் போதும்.

இந்தத் தாமதத்தைத் தாங்கும் இடைவெளி எங்கள் திட்டத்தில் இருந்ததால், நான்கு மணிக்குத் திருமயம் கோட்டையில் ஏற முடிந்தது. இராமநாதபுரத்தின் கிழவன் சேதுபதி 1687இல் கட்டியது இந்தக் கோட்டை. உச்சியில் பீரங்கி நிற்கும் மேடையிலிருந்து சுற்றுப்புறத்துக் கண்மாய்களும் வயல்களும் தெரிகின்றன. மேற்கு வெயில் பாறையின் ஒருபக்கத்தை மட்டும் தொடுவதால் மறுபக்கமாக ஏறி இறங்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்மதிலைச் சுற்றி நடந்தாலே கோட்டையின் பரப்பு விளங்கிவிடும். ஐந்து மணிக்கு இறங்கி, விளக்குப் போட வேண்டிய நேரத்துக்கு முன் காரைக்குடி சேர்ந்தோம்.

மறுநாள் செட்டிநாட்டு ஊர்களுக்கு. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் சேர்க்கப்பட்ட பின் வெளியூர்க்காரர்கள் அதிகம் வருகிறார்கள். மாலை போட்ட பழைய காரில் தெருக்கோடி வரை போய்ப் படம் எடுத்துத் திரும்பும் சவாரிகளும் பெருகியிருக்கின்றன. அவற்றில் எனக்கு ஈடுபாடு இல்லை. பழைய கார் இந்த ஊர்களில் தரும் பயன் வேறு. கானாடுகாத்தானில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, ஒரு வீட்டின் முன்னால் நிறுத்தியபோது, வாசலுக்கு வந்த ஆச்சி வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “எங்க ஐயா இதே வண்டிதான் வச்சிருந்தாக. உள்ள வாங்க, வெயில்ல ஏன் நிக்கிறீக?” என்று அழைத்தார்கள். முகப்பு, பட்டாலை (கூடம்), வளவு (நடுமுற்றம்), இரண்டாம் கட்டு என்று அடுத்த தெரு வரை நீளும் அந்த வீட்டை, எந்தப் பயணக் கையேடும் தராத விவரங்களோடு அவர்களே காட்டினார்கள். பர்மாத் தேக்குத் தூண்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது தம் குடும்பத்தினர் கொடுக்கல் வாங்கலையெல்லாம் விட்டுவிட்டு வந்ததையும் சொன்னார்கள்.

இங்கே ஓர் ஒழுங்கைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். பழைய அம்பாசடரின் எஞ்சினுக்கடியில் எண்ணெய் சொட்டாமல் இருப்பது அபூர்வம். வண்டியை வீட்டு முகப்புக்குள் விடச் சொன்னால், தரையில் பதித்திருப்பது ஆத்தங்குடிக் கல்லாக இருக்கக்கூடும். அந்தக் கல் எப்படி உருவாகிறது என்பதை அன்று பிற்பகல் ஆத்தங்குடியில் பார்த்தோம்: கண்ணாடிப் பலகையின் மேல் உலோக அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சை எடுத்தபின் உலர்ந்த மணற்கலவையைத் தூவி, மேலே சாந்தை அப்பிக் காயவிட்டு, பிறகு தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள், கண்ணாடி பிரியும்போது முகம் பளபளப்பாக வந்துவிடுகிறது. சூளையில் சுடாத, மேலே மெருகுக் கண்ணாடிப்பூச்சு இல்லாத கல் அது. எஞ்சின் எண்ணெய் ஊறிவிட்டால் கறையை எடுப்பது பெரும்பாடு. டிக்கியில் ஒரு பழைய தகரத் தட்டும் அட்டையும் வைத்திருந்து, நிறுத்தியவுடன் எஞ்சினுக்கடியில் தள்ளிவிட வேண்டும். தட்டு இல்லையென்றால் தெருவிலேயே நிறுத்துங்கள். செட்டிநாட்டுத் தெருக்கள் அதற்குப் போதிய அகலம் உள்ளவைதான்.

சொந்தமாகப் பழைய வண்டி இல்லாதவர்கள் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் முதலில் எண் பலகையைப் பாருங்கள். ஓட்டுநரோடு வாடகைக்கு வரும் கார் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தோடும், நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்குத் தரும் கார் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தோடும் இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியைக் காசு கொடுத்து அமர்த்தினால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடலாம். அடுத்து, வண்டி கடைசியாக எப்போது நெடுந்தூரம் ஓடியது என்று கேளுங்கள். கல்யாண ஊர்வலத்துக்கு மட்டுமே ஓடும் வண்டி நாற்பது கிலோமீட்டரைத் தாங்குமா என்பது ஐயம். ஏறுவதற்கு முன் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒரே மிதியில் பிடிக்காமல் இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் பிடிக்கிறது என்றால், வேறு வண்டி கேளுங்கள்.